தலைவர் நின்ற ஓட்டை

பழைய வண்டி வாங்க வருகிறவர்கள் எல்லோரும் முதலில் டயரை ஓர் உதை விடுகிறார்கள். ஏன் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை. உதை வாங்கிய டயர் எதையாவது ஒப்புக்கொண்டதாக நான் கேள்விப்பட்டதில்லை. அப்புறம் கதவைத் திறந்து மூடுவார்கள், ஸ்டீரிங்கில் உட்கார்ந்து செல்ஃபி எடுத்துக்கொள்வார்கள், ஹாரனை இரண்டு தடவை அடிப்பார்கள். கழுத்தை நிமிர்த்திக் கூரையைப் பார்க்கிற ஆள் மட்டும் அபூர்வம்.

நீங்கள் கேட்டது பூமாரி எனக்குக் கடைசியாகச் செய்த போனைப் பற்றி. சொல்கிறேன் மேடம். மறைக்கிற உத்தேசம் இல்லை. ஆனால் கூரையைப் பற்றித் தெரிந்துகொள்ளாமல் அந்தப் போனை மட்டும் கேட்டால் நான் ஏதோ ஈவிரக்கம் இல்லாதவன் மாதிரித் தெரிவேன். அதனால் மேலேயிருந்து ஆரம்பித்துக் கீழே வருகிறேன். போலீஸிடம் சொல்வது கோர்ட்டில் செல்லாது என்று என் வக்கீல் அடித்துச் சொல்லியிருக்கிறார். ஆகவே நாம் இருவருமே அவசரப்படாமல் பேசலாம்.

எனக்குச் சொந்த ஊர் பென்னலூர். திருமலை என்றால் யாருக்கும் தெரியாது, கூரை திருமலை என்றால் ஒரகடம் வரைக்கும் தெரியும். எங்கள் நிலம் இருந்த இடத்தில் இப்போது ஒரு கம்பெனி தன் ஆட்களுக்கு பைக் ஸ்டாண்ட் போட்டிருக்கிறது. அதில் எனக்கு வருத்தம் கிடையாது. என் அப்பா காலத்தில் அங்கே நெல் விளைந்ததைவிட இப்போது பைக் நன்றாகவே விளைகிறது. நானும் ஒரு கார் கம்பெனியில் வெகுகாலம் வேலை பார்த்தேன். ஷவர் டெஸ்ட் என்று பெயர். புதுக் காரைத் தண்ணீர் பீய்ச்சுகிற கூண்டுக்குள் அனுப்புவார்கள். வெளியே வந்ததும் உள்ளே கையை விட்டு, மூலை முடுக்கெல்லாம் ஈரம் இருக்கிறதா என்று தடவிப் பார்க்க வேண்டும். என்ன வேலை என்று சொந்தக்காரர்கள் கேட்டால் கார் குளிப்பாட்டுகிறேன் என்று சொல்லிவிடுவேன்.

பிறகு சொந்தமாக யார்டு போட்டேன். பழைய வேனை வாங்கி உள்ளே கட்டில், சின்ன அடுப்பு, ஏசி, அலமாரி எல்லாம் வைத்து கேம்பராக மாற்றி விற்பது. போகிற இடத்தில் நிறுத்தி உள்ளேயே படுத்துக்கொள்ளலாம். ஹோட்டலில் ரூம் போட வசதி இருக்கிறவர்களுக்குத்தான் வேனில் படுக்க ஆசை வருகிறது, வசதி இல்லாதவர்கள் ரூமுக்கு ஆசைப்படுகிறார்கள். இந்த உலகம் அப்படித்தான் சுற்றுகிறது, நான் அதில் பிழைத்துக்கொண்டிருந்தேன்.

யார்டைப் பிரபலப்படுத்த போனில் வீடியோ போட ஆரம்பித்தேன். கேம்பர் வாங்கும்போது கூரையில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று கண்டுபிடிப்பது எப்படி. அது ஒன்றுதான் விஷயம். கதவு ஜன்னலை மூடி வண்டியைக் கொஞ்ச நேரம் வெயிலில் விடுங்கள், திறந்ததும் மூக்கை உள்ளே நீட்டுங்கள் என்பேன். ஈரக் கோணி வாசனை வந்தால் கூரை ஒழுகுகிறது, எலுமிச்சை ஸ்ப்ரே வாசனை தூக்கலாக வந்தால் அதைவிட மோசமாக ஒழுகுகிறது. உள்கூரையைக் கட்டைவிரலால் அழுத்திப் பாருங்கள். நல்ல பலகை எதிர்த்து நிற்கும், ஊறிய பலகை விட்டுக்கொடுக்கும். விட்டுக்கொடுப்பது மனிதர்களுக்கு அழகு, பலகைக்கு அல்ல. ஸ்க்ரூ தலையிலிருந்து பழுப்பாக ஒரு கோடு இறங்கியிருந்தால் அது மழை போட்ட கையெழுத்து. வண்டி முழுக்கப் பழசாக இருந்து உள்கூரை ஷீட் மட்டும் பளபளவென்று புதிதாக இருந்தால், கும்பிடு போட்டுவிட்டு வெளியே வந்துவிடுங்கள். இப்படிப் போகும். நீங்களும் பார்த்ததாக உங்கள் கான்ஸ்டபிள் சொன்னார். சந்தோஷம். லைக் போட்டீர்களா என்று இந்த நேரத்தில் கேட்பது மரியாதையாக இருக்காது.

இப்போது அந்த வண்டிக்கு வருகிறேன்.

அது தேர்தலில் ஓடிய பிரசார வேன். நீங்கள் எத்தனையோ பார்த்திருப்பீர்கள், பந்தோபஸ்துக்கும் நின்றிருப்பீர்கள். கூரையை நடுவில் சதுரமாக வெட்டி, கீழே ஒரு ஸ்டூலைப் போட்டு, வேட்பாளர் அதில் ஏறி இடுப்புக்குமேல் வெளியே வந்து இரண்டு பக்கமும் கும்பிட்டபடியே போவார். கூரைத் தகட்டுக்கு அடியில் குறுக்கே இரும்புப் பட்டைகள் ஓடும், நமக்கு விலா எலும்பு மாதிரி. அந்த வேட்பாளருக்குக் கொஞ்சம் வயிறு அதிகம். அது நுழைய வேண்டும் என்பதற்காக இரண்டு பட்டைகளை வெட்டி எடுத்திருந்தார்கள். தேர்தலில் அவருக்கு டெபாசிட் போனது. தேர்தல் முடிந்ததும் ஓட்டையின்மேல் ஒரு மெல்லிய தகட்டை வைத்து நாலு இடத்தில் பற்றவைத்து, மேலே பெயிண்ட் அடித்து என்னிடம் தள்ளிவிட்டார்கள்.

அந்தத் தகட்டின் ஓரமாக இரண்டு மழைக்காலம் தண்ணீர் இறங்கியிருந்தது. உள்ளே பலகை கறுத்துப் போயிருந்தது. வழக்கமாக நான் அப்படிப்பட்ட வண்டியைத் தொடமாட்டேன். ஆனால் இன்ஜின் நன்றாக இருந்தது, எனக்கு இன்ஜின் மேல் எப்போதும் ஒரு பலவீனம் உண்டு. கறுத்த பலகையின்மேலேயே புதிதாக ஒரு பலகை அடித்து, வெள்ளை ஷீட் ஒட்டினேன். வெளியே அந்தத் தகட்டின் மேலேயே ஏசியை உட்காரவைத்தேன். ஏசி பெரிது, ஓட்டை இருந்த இடம் தெரியவில்லை. அப்போது ஏசிக்கு நேர் கீழே நடைபாதைதான் இருந்தது. அதைத் தயவுசெய்து கவனத்தில் வைத்துக்கொள்ளுங்கள், எனக்குச் சாதகமான விஷயம்.

நயினாரும் அவர் மனைவி பூமாரியும் ஆனி மாதக் கடைசியில் வந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர்கள், இருங்காட்டுக்கோட்டையில் மாடி ரூமில் வாடகைக்கு இருந்தார்கள். நயினார் வேலை பார்த்த கம்பெனியை மூடி செட்டில்மென்ட் கொடுத்திருந்தார்கள். அதை வைத்து ஒரு கேம்பர் வாங்கி, ஏலகிரி போகிற ஐடிக்காரர்களுக்கு வாடகைக்கு விடலாம் என்பது அவர் திட்டம். பூமாரி கார் சீட் தைக்கிற கம்பெனியில் நைட் ஷிப்ட். அந்த அம்மாவின் திட்டம் வேறு.

"எனக்கு ஏலகிரியும் வேண்டாம், ஊட்டியும் வேண்டாம்ணே" என்றார். "எங்க ரூமு மேல ஷீட்டு. நைட்டு முடிச்சு வந்து படுத்தா பகல்ல சட்டியில வறுக்க மாதிரி இருக்கு. தூங்கி ரெண்டு வருசம் ஆச்சு. இவுக வாடகைக்கு விடாத நாள்ல நான் இதுல ஏசியப் போட்டுப் படுத்துக்கிடுவேன். அதுக்குத்தான் சரின்னேன்."

கண்ணுக்குக் கீழே கறுப்பு வளையம் விழுந்திருந்தது. இந்தத் தொழிற்சாலைக் காரிடரில் பாதிப்பேருக்கு அந்த வளையம் உண்டு, அதனால் நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை.

நயினார் டயரை உதைக்கப் போனார். பூமாரி நேராக உள்ளே ஏறி, நடுவில் நின்று, கழுத்தை நிமிர்த்தினார். மேடம், நான் யார்டு போட்ட நாளிலிருந்து முதல் தடவையாக ஒரு வாடிக்கையாளர் கூரையைப் பார்க்கிறார். எனக்குப் புல்லரித்துவிட்டது. பார்த்ததோடு நிற்கவில்லை. கையை உயர்த்திக் கட்டைவிரலால் ஏசிக்குப் பக்கத்தில் அழுத்தினார். இன்னும் கொஞ்சம் தள்ளி அழுத்தினார். மறுபடி முதல் இடத்துக்கே வந்தார்.

"அண்ணே, இது மெத்துன்னு இருக்கே. நான் பொழுதன்னைக்கும் பஞ்சு அமுக்குறவ. பஞ்சுன்னா விரலத் திருப்பித் தள்ளும். இது தள்ள மாட்டேங்கு. உங்க வீடியோல இதத்தான சொன்னீங்க?"

என் வீடியோவை இவ்வளவு சிரத்தையாகப் பார்த்த ஓர் ஆள். எனக்கு அவர்மேல் உண்மையாகவே மரியாதை வந்தது, அந்த மரியாதை இன்றும் இருக்கிறது. என்ன பதில் சொல்லலாம் என்று நான் யோசிப்பதற்குள் வெளியேயிருந்து நயினாரின் சத்தம் கேட்டது.

"ஏ பூமாரி! இங்க வந்து பாரு. நம்ம கட்சிக் கலருட்டி!"

வண்டியின் பக்கவாட்டில் நான் ஒட்டியிருந்த மலைப்படத்தின் ஓரத்தை நகத்தால் கிளப்பியிருந்தார். அடியில் பழைய பெயிண்ட் கோடு தெரிந்தது. எந்தக் கட்சி என்று நான் சொல்லப்போவதில்லை. சொன்னால் இந்த ஸ்டேஷனில் பாதிப்பேர் எழுந்து நிற்பார்கள், மீதிப்பேர் உட்கார்ந்தபடியே முறைப்பார்கள். நயினார் அந்தக் கட்சியில் பிறந்ததிலிருந்து இருக்கிறவர் போல. முகமே மாறிவிட்டது.

"அண்ணாச்சி, இது பிரசார வண்டியா?"

"ஆமா சார். மேல ஓட்ட இருந்துச்சு, அடச்சுக்கீது" என்றேன். நான் ஓட்டையை மறைக்கவில்லை என்பதற்கு இதுவே சாட்சி.

"அப்ப தலைவரு இதுல நின்னுருக்காவளா?"

நான் கூரையைப் பார்த்தேன். அவர் என் பார்வையைப் பதிலாக எடுத்துக்கொண்டார். டெபாசிட் போன அந்த வயிற்றுக்காரரைப் பற்றி நயினார் கேட்கவில்லை, நானும் வலியப் போய்ச் சொல்லவில்லை. அவர் செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே ஏறினார். ஏசிக்கு ஓரமாகத் தகடு தொடங்குகிற இடத்தில் உள்கூரையைத் தொட்டார். விரலில் பழுப்பாக ஈரம் ஒட்டியது. முந்தின நாள் மழை. அதைக் கண்ணில் ஒற்றி, மிச்சத்தை நெற்றியில் இட்டுக்கொண்டார். கேம்பர் வாங்க வந்து ஒழுகலை விபூதியாகப் பூசிக்கொண்டவரை நான் பார்த்தது அதுவே முதலும் கடைசியும்.

"ஈரமா இருக்குங்க" என்றார் பூமாரி.

"சும்மா கெட. எங்க போனாலும் உனக்கு ஒரு நொட்ட" என்றார் நயினார். அதோடு வியாபாரம் முடிந்தது. என் தரப்பிலிருந்து அதற்குமேல் ஒரு வார்த்தைகூடச் செலவாகவில்லை.

ஆனால் அவருக்கு ஓர் ஆசை இருந்தது. அந்த ஓட்டையைத் திரும்பத் திறந்து, ஒரு மூடி போட்டுத் தர வேண்டும். ஊரில் அம்மன் கோயில் கொடைத் திருவிழாவுக்குப் போகும்போது, ஊர் எல்லையிலிருந்து அவர் அதில் நின்றபடியே போக வேண்டும். தலைவர் நின்ற இடம். மாமனார் வீட்டுத் தெரு வழியாக வேறு போகவேண்டுமாம். நியாயமான ஆசைதான். வாடிக்கையாளர் கேட்டதைச் செய்யாத யார்டுக்காரன் உருப்படமாட்டான்.

ஓட்டையைத் திறந்தால் அதன்மேல் இருக்கிற ஏசியை எங்கே கொண்டுபோவது? பின்னால் தள்ள வேண்டும். பின்னால் கட்டில். கட்டிலின் தலைமாட்டுக்கு நேர் மேலே. என் வெல்டர் பகலவன் மேலே ஏறிப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தான்.

"ண்ணா, இங்க புடிக்கிறதுக்கு இன்னா கீது? வெறும் பலக. அதுவும் ஊறிக்கினு கீது. குறுக்க ரெண்டு இரும்பு ஆங்கிள் போடாம ஏசிய வைக்காத. எவன் தலயிலனா வுழும்."

"போட்டுடலாம்பா" என்றேன். அந்த நேரத்தில் எனக்குப் போடுகிற எண்ணம் இருந்தது, அது பொய் இல்லை. ஆனால் பகலவன் மச்சான் வீட்டுக் காதுகுத்துக்குப் போனவன் போனவன்தான். ஆள் போனும் எடுக்கவில்லை. இங்கே ஆடி பிறக்கப்போகிறது. ஆடியில் யாரும் புது வண்டி எடுக்க மாட்டார்கள் என்பது உங்களுக்குத் தெரியாததல்ல. நயினார் ஜோசியரிடம் கேட்டு ஆனியின் கடைசி நல்லநாளைக் குறித்துவிட்டார். அதைத் தவறவிட்டால் ஆவணி வரை வண்டி என் யார்டில் நிற்கும். ஒரு மாதத்தில் பூமாரி எத்தனை தடவை வந்து எத்தனை இடத்தில் அழுத்திப் பார்ப்பார் என்று யோசித்தேன். அடுத்த தடவை ஸ்க்ரூடிரைவரோடு வருவார். அவர் அப்படிப்பட்டவர். ஆங்கிள் இல்லாமல் பலகையிலேயே ஏசியை மாட்டினேன்.

டெலிவரி அன்று பூசணிக்காய் உடைத்தோம், நாலு டயருக்கும் எலுமிச்சை வைத்தோம். ஓட்டை மூடிக்குத் தனியாகச் சந்தனம், குங்குமம், ஒரு முழம் மல்லிகை. நயினார் ஸ்டூலில் ஏறி மூடியைத் திறந்து வெளியே வந்தார். அவர் மைத்துனர் வண்டியை ஓட்ட, யார்டு கேட்டிலிருந்து மெயின் ரோடு வரை இரண்டு பக்கமும் கும்பிட்டுக்கொண்டே போனார். ரோட்டில் கன்டெய்னர் லாரிக்காரர்கள் ஹாரன் அடித்து வாழ்த்தினார்கள், அல்லது திட்டினார்கள். பூமாரி கட்டில் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். ரோட்டைப் பார்க்கவில்லை, மேலேயே பார்த்துக்கொண்டு போனார்.

பிறகு எல்லாம் நன்றாகவே போனது. வண்டியை அவர்கள் ரூமுக்குக் கீழே காலி மனையில் நிறுத்தி, வீட்டுக்காரர் ப்ளக்கிலிருந்து ஒயர் இழுத்துக்கொண்டார்கள். வாடகைக்கு யாரும் வரவில்லை, கட்சிக்காரர்கள்தான் வந்தார்கள். வரிசையாக ஏறி ஓட்டையில் நின்று போட்டோ எடுத்துக்கொண்டார்கள். பூமாரிக்குத் தூக்கம் கிடைத்தது. நயினாரே போன் செய்து சொன்னார். "அண்ணாச்சி, அவ இப்ப பகல்ல கொறட்ட விடுதா. கல்யாணம் ஆன புதுசுல இருந்த மாதிரி மொகம் தெளிஞ்சிருக்கு." எனக்கும் மனசுக்கு நிறைவாக இருந்தது. நம்மால் ஒருவர் தூங்குகிறார் என்பது சின்ன விஷயமா?

எந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்கிறார் என்று கேட்டேன். ஏன் கேட்டேன் என்று தெரியவில்லை, வாயில் வந்தது. "ஏசிக்குக் கீழதான். காத்து நேரா மூஞ்சியில படணுமாம்" என்றார். "சரி சார்" என்றேன். சரி என்பது ஒரு வார்த்தை, அவ்வளவுதான்.

ஆடியில் பகலெல்லாம் வெயில் கொளுத்தி, சாயங்காலம் இடியோடு மழை கொட்டியது உங்களுக்கும் ஞாபகம் இருக்கும். நயினார் போட்டோவுக்காகத் திறந்து திறந்து மூடியதில் மூடியின் ரப்பர் பிய்ந்திருந்தது. தண்ணீர் அங்கே இறங்கி, பலகை வழியாகவே ஊர்ந்து பின்னால் ஏசி வரைக்கும் போயிருக்கிறது. தண்ணீர் இறங்குகிற இடம் ஒன்று, சொட்டுகிற இடம் வேறு. என் மூன்றாவது வீடியோவே அதைப் பற்றித்தான்.

போனுக்கு வருகிறேன் மேடம், கையை மேஜையில் தட்ட வேண்டாம். அதற்கு முன்னால் ஒரே ஒரு சின்ன விஷயம் பாக்கி இருக்கிறது. நீங்கள் கண்டுபிடித்திருக்க மாட்டீர்கள், ஆகவே நானாகச் சொல்வது நாகரிகம்.

அந்த ஏசி ஏற்கனவே ஒரு தடவை விழுந்திருக்கிறது.

டெலிவரிக்கு முந்தைய நாள், யார்டில். காலையில் ஒரு தூறல் போட்டு நின்றிருந்தது. நான் ஆபீஸில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தேன், வண்டிக்குள் தொப்பென்று ஒரு சத்தம். போய்ப் பார்த்தால் ஏசி, பலகையையும் பிய்த்துக்கொண்டு, கட்டிலின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தது. கட்டில் ஒடியவில்லை. நான் போடுகிற கட்டில்கள் பலமானவை என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. தலையணை இரண்டும்தான் கிழிந்து பஞ்சு வெளியே வந்துவிட்டது. மறுநாள் ஆனியின் கடைசி நல்லநாள். வெல்டர் இல்லை. வேறு பலகை வெட்டி அடித்து, ஹீட் கன் வைத்துச் சுற்றிலும் காயவைத்து, நீளமான போல்ட்டும் பெரிய வாஷரும் போட்டு ஏற்றிவிட்டேன். நானே பிடித்துத் தொங்கிப் பார்த்தேன். தாங்கியது. காய்ந்த பலகை எதையும் தாங்கும். நனைந்தால் தாங்காது, அது எனக்குத் தெரியும். மெத்தையில் பள்ளம் விழுந்த பக்கத்தைக் கீழே திருப்பிப் போட்டேன். தலையணை இரண்டும் புதிதாக, இலவசமாகக் கொடுத்தேன். என் யார்டில் எதையும் இலவசமாக வாங்கிப் போனவர்கள் அந்தத் தம்பதி மட்டும்தான்.

இதை நயினாரிடம் சொல்லவில்லை. அவர் கேட்கவில்லை. வண்டி வாங்குகிறவர்கள் எத்தனை கிலோமீட்டர் ஓடியது, ஆக்சிடென்ட் ஆனதா என்று கேட்பார்கள். ஏசி எப்போதாவது விழுந்ததா என்று கேட்கிற வழக்கம் நம் நாட்டில் இல்லை.

இப்போது போன்.

ஞாயிற்றுக்கிழமைக் காலை. முந்தின சாயங்காலம் பேய் மழை. நயினார் குன்றத்தூரில் கட்சிக்காரர் வீட்டுக் கல்யாணத்துக்குக் கிளம்பிப் போய்விட்டார். பூமாரி நைட் ஷிப்டோடு சேர்த்து ஓவர்டைமும் பார்த்துவிட்டு வந்திருக்கிறார். நான் அந்த நேரத்தில் யார்டில் இருந்தேன். அடையாறிலிருந்து ஒரு டாக்டர் குடும்பம் வண்டி பார்க்க வந்திருந்தது. வீடியோ பார்த்துவிட்டு, கூரை திருமலையிடம்தான் வாங்குவோம் என்று வந்தவர்கள். நான் அவர்களை வண்டிக்குள் நிற்கவைத்து, கூரையில் தண்ணீர் இறங்கியிருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது என்று காட்டிக்கொண்டிருந்தேன். அப்போது போன் அடித்தது.

"அண்ணே, நான் பூமாரி பேசுதேன். ஏசியச் சுத்திப் பலகை கீழ எறங்கி நிக்கி. விரல வச்சா உள்ள போவுது. இவுககிட்டச் சொன்னா தலைவரு நின்ன எடம், ஒண்ணும் ஆவாதும்பாவ. நீங்க வெவரம் தெரிஞ்சவுக. ரெண்டு நாளா கண்ண மூடலண்ணே, நிக்க முடியல. ரூமுல இப்பமே கொதிக்கி. நீங்க சொல்லுங்க, நான் இதுல படுக்கட்டா, வேண்டாமா?"

நான் கொஞ்சம் யோசித்தேன். யோசிக்கவில்லை என்று நினைத்துவிடாதீர்கள். வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பார். ஏன் என்று சொல்லலாம் என்றால், டாக்டர் அம்மா என் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறார், அவர் பையன் என்னைப் போனில் படம் எடுத்துக்கொண்டிருக்கிறான். காரணம் சொல்லாமல் விட்டால், அடியில் என்ன இருக்கிறது என்று பூமாரி ஷீட்டைப் பிரிப்பார். பிரித்தால் கறுத்த பலகையைப் பார்ப்பார். கூரை பார்க்கச் சொல்லிக்கொடுத்தவன் விற்ற வண்டியிலேயே கூரை இல்லை என்று ஊர் முழுக்கத் தெரியும். இருபது முப்பது வருஷம் ஈரத்தைத் தடவித் தடவிச் சம்பாதித்த பெயர். அதை ஒரு போனில் விடுவதா?

"படுத்துக்கம்மா. ஒண்ணும் ஆவாது. பதறாம தூங்கு" என்றேன்.

"சரிண்ணே. நீங்க சொன்னாப் போதும்" என்றார். சொல்லும்போதே கொட்டாவி விட்டார். அதற்குள் அவருக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று நினைக்கிறேன், குரலில் அவ்வளவு நிம்மதி. அது என் காதில் இன்னும் இருக்கிறது. அது எனக்குப் பிடிக்கவில்லை.

போனைப் பையில் போட்டுவிட்டு டாக்டர் அம்மாவின் கட்டைவிரலை உள்கூரையில் வைத்து அழுத்திக் காட்டினேன். அந்த வண்டியில் பலகை நன்றாகவே இருந்தது. அவர்கள் போக மத்தியானம் ஆகிவிட்டது. பூமாரியைத் திரும்பக் கூப்பிடலாமா என்று போனைக் கையில் எடுத்தேன். உண்மையாகவே எடுத்தேன், பெயரைக்கூடத் தேடி எடுத்துவிட்டேன். ஆனால் நைட் ஷிப்ட் முடித்துப் படுத்திருக்கிறவரைப் பகலில் எழுப்புவது பாவம். நானும் ஷிப்ட் பார்த்தவன், அந்தக் கஷ்டம் எனக்குத் தெரியும். பாவம், தூங்கட்டும் என்று வைத்துவிட்டேன். அப்போது அவர் உயிரோடுதான் இருந்திருப்பார் என்று உங்கள் டாக்டர் ரிப்போர்ட்டை வைத்து நீங்கள் சொல்கிறீர்கள். இருக்கலாம். நான் மறுக்கவில்லை.

நயினாருக்கு என்மேல் துளி வருத்தமும் இல்லை. எதிர்க்கட்சிக்காரன் போட்டோ எடுக்கிற சாக்கில் ஏறி போல்ட்டைக் கழற்றிவிட்டான் என்று அவர் உங்களிடம் எழுதிக் கொடுத்திருப்பது எனக்குத் தெரியும். சுடுகாட்டிலிருந்து நேராக என் யார்டுக்கு வந்து, என் தோளில் சாய்ந்துதான் அழுதார். "ஒங்ககிட்டக் கேட்டுட்டுத்தான் படுத்துருக்கா அண்ணாச்சி. அந்த அளவுக்கு ஒங்கமேல நம்பிக்க" என்றார். நான் அவர் முதுகைத் தட்டிக்கொடுத்தேன். வேறு என்ன செய்யமுடியும்?

சரி, உங்களுக்கு வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன், எழுதுகிற தம்பி எழுதிக்கொள்ளட்டும். ஏசி விழும் என்று எனக்குத் தெரியும். மழையில் பலகை ஊறியிருக்கிறது என்று தெரியும். பூமாரி அதற்கு நேர் கீழே தலைவைத்துப் படுக்கப்போகிறார் என்று தெரியும். கேட்டார், படுக்கச் சொன்னேன்.

அதோடு இதையும் சேர்த்து எழுதச் சொல்லுங்கள். அந்த வண்டியைக் காட்டி, பேசி, விற்று முடித்ததில் நான் வாயைத் திறந்து சொன்ன பொய் அது ஒன்றுதான். இந்த ரோட்டில் எந்த யார்டில் வேண்டுமானாலும் விசாரித்துப் பாருங்கள் மேடம், ஒரே ஒரு பொய்யோடு வண்டி விற்றவன் ஒருத்தனாவது இருக்கிறானா என்று.